முப்பத்தைந்து நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அலுத்துக்கொண்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மெஷினை ஓட்டத்தானே மாமா போறோம்? டாக்டருக்குப் படிக்கிறவங்க மாதிரி இத்தனை நோயையும் எதுக்கு உருப்போடணும்?" ரேடியோதெரபி டெக்னாலஜி சேர்ந்த பிள்ளைகள் முதல் வருடத்தில் தவறாமல் கேட்கிற கேள்விதான். பதில் சொல்வதற்குள் ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கோபால்ட் அறையிலிருந்து தொடங்கலாம். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான ஒரு பையன் அங்கே இருந்தான். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக்கு வந்துகொண்டிருந்தார் ஒரு அம்மா. நம் பக்கத்துச் சனங்கள் சொல்வதுபோல் சொன்னால், கரண்ட் வைத்துக்கொள்ள. தினமும் தானே நடந்து வருவார், தானே மேசையில் ஏறிப் படுப்பார், கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு "ஆச்சா தம்பி?" என்பார். பதினோராவது நாள் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகு வலி, ராத்திரி படுக்க முடியவில்லை, கால் மரத்த மாதிரி இருக்கிறது என்றார். "பஸ்ல இவ்வளவு தூரம் உட்கார்ந்து வர்றீங்கல்ல, அதாம்மா" என்று பையன் சமாதானம் சொன்னான். தோலில் போட்ட மார்க்கைப் பார்த்தான், ஃபீல்டைப் பொருத்தினான், டைமரை ஓட்டினான், அனுப்பிவைத்தான். அன்று வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு காலும் அசையவில்லை.

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போகும், முதுகெலும்பில் உட்கார்ந்தால் தண்டுவடத்தை நசுக்கும். உடனே ஸ்டீராய்டு கொடுத்து அவசரமாகக் கதிர்வீச்சோ அறுவையோ செய்தால் காலைக் காப்பாற்றலாம். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார்கள். கால் விழுந்த பிறகு வந்தவர்கள் மறுபடி எழுந்து நடப்பது அபூர்வம். இதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாததில்லை. பேத்தாலஜி பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பாஸானவன்தான். தாளில் எழுதத் தெரிந்தது; அதே நோய் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அந்தப் பையன்தான் இன்றைக்கு உனக்கு எழுதிக்கொண்டிருக்கும் மாமா. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உன் கேள்விக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் பதில். உதாரணத்துக்கு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சின் வழக்கமான கணக்கு 70 கிரே. தினம் 2 கிரே வீதம் 35 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தில் டாக்டர் நோயாளியைப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை ரிவ்யூவில் பார்ப்பார். 35 நாளும் பார்ப்பது டெக்னாலஜிஸ்ட். நேற்றைய முகத்துக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று படிக்கத்தான் உனக்கு அந்தத் தடிமனான புத்தகம்.

ஏன் 35 நாள், ஒரே நாளில் முடித்துவிட்டால் என்ன என்று நோயாளிகள் கேட்பார்கள். ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறவர் கேட்காமல் என்ன செய்வார்? 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே அதைக் கட்டிகள்மேல் பாய்ச்சிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டி கரைந்தது, கூடவே தோலும் வெந்தது. பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்ற ஆய்வாளர் ஆட்டுக்கடாவின் விரைகளை வைத்துச் சோதித்தார். மொத்த டோஸையும் ஒரே மூச்சில் கொடுத்தால் மலடாக்குவதற்குள் மேல்தோல் கெட்டுப்போனது. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது கடா மலடானது, தோல் பிழைத்தது. அவரோடு இருந்த ஹென்ரி கூட்டார் அதே முறையைத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கொண்டுபோனார். இன்று நீ டிரீட்மென்ட் கார்டில் போடப்போகும் ஒவ்வொரு டிக்கும் அந்தக் கடாவிடமிருந்து வந்தது.

உன் ரேடியோபயாலஜிப் புத்தகத்தில், டோஸ் ஏற ஏறச் செல்கள் எத்தனை மிஞ்சும் என்று காட்டும் ஒரு வளைகோடு இருக்கும். ஸ்கேலில் அடக்காமல் வரைந்தால் சார் திட்டுவார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். ஹென்ரியெட்டா லாக்ஸ், புகையிலை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தார். ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அப்போது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அக்டோபர் 4-ம் தேதி, 31 வயதில் அவர் இறந்தார். அவருடைய செல்கள் மட்டும் ஆய்வுக்கூடத்தில் பெருகிக்கொண்டே போயின. ஹீலா என்று பெயர் வைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். 1956-ல் தியோடர் பக், பிலிப் மார்கஸ் இருவரும் அந்தச் செல்கள்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி வரைந்ததுதான் அந்தக் கோடு. பரீட்சையில் படத்துக்கு ஓரமாக ஹென்ரியெட்டாவின் பெயரை எழுதினால் ஒரு மார்க்கும் கூடாது. இருந்தாலும் எழுதிப் பார்.

அந்தக் கோட்டிலிருந்து வேலைக்கு வருவோம். ஒரு நாள் கதிருக்கும் மறுநாள் கதிருக்கும் இடையில் நல்ல திசுக்கள் தங்களைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. கட்டி அந்த அளவுக்குச் சமாளிப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்று நான்கு வாரம் கழிந்ததும், மிச்சமிருக்கும் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால், கட்டி அடங்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை குறையும் என்பது ஆய்வுகள் சொல்லும் கணக்கு. பொங்கலுக்கு நாலு நாள், மெஷின் ரிப்பேர் இரண்டு நாள், பேத்தி காதுகுத்து ஒரு நாள் என்று கூட்டிப் பார். "நாளைக்கு வரலைன்னா என்ன கண்ணு, சேர்த்து வச்சுக்கலாமே" என்று ஒரு பெரியவர் கேட்கும்போது, இந்தக் கணக்கை அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டியவள் நீ. களை எடுப்பதை உதாரணம் காட்டினால் விவசாயிகளுக்குச் சட்டென்று பிடிபடும்: பாதிக் களையை எடுத்துவிட்டு ஒரு வாரம் வயல் பக்கமே போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவரையே கேள்.

நம் நாட்டு வார்டுகளில் வாய்ப் புற்றுநோய்தான் கண்ணில் அதிகம் படும். புகையிலை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியிருக்கிறது. உன் பாட்டி உட்பட ஒருவரும் அதை நம்பமாட்டார்கள். அந்த நோயாளிகளுக்குத் தலை அசையாமல் இருக்க ஆர்ஃபிட் மாஸ்க் செய்வீர்கள். வெந்நீர்த் தொட்டியில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் இழுத்து அழுத்தி, இறுகும் வரை பிடித்திருப்பீர்கள். முதல் வாரம் மாஸ்க் கச்சிதமாக இருக்கும். இரண்டு, மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும். சோறு இறங்காது, ருசி போய்விடும். நாலாவது வாரம் மாஸ்க்கை மாட்டினால் கன்னத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் உன் விரல் நுழையும். அப்படி நுழைந்தால் அவர் மெலிந்திருக்கிறார், உள்ளே தாடை நகர்ந்திருக்கலாம், கதிர் போட்ட இடத்தில் விழாமல் பக்கத்தில் விழலாம். மாஸ்க் லூசாக இருக்கிறது என்று பிசிசிஸ்டிடம் சொல். எடை பார்க்கச் சொல். சாப்பிட்டாரா என்று அவர் மனைவியிடம் கேள். அவரிடமே கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்.

புற்றுநோய் தவிர மற்ற நோய்களையும் ஏன் படிக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு காலைப் பொழுது போதும். முதலில் வருகிறவருக்குச் சர்க்கரை. வாய்ப்புண்ணில் பூஞ்சை சேர்ந்தால் ஆறவே ஆறாது. அடுத்தவருக்கு நுரையீரலில் கட்டி. எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து டிபி என்று பல மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்திருப்பார். மூன்றாமவரின் காறை எலும்புக்குக் கீழே சின்னத் தழும்பும் அதன் கீழ் ஒரு புடைப்பும் இருக்கும். பேஸ்மேக்கர் என்று யாரும் கார்டில் எழுதியிருக்கமாட்டார்கள். நான்காவதாக வரும் பெண்ணின் நகம் வெளுத்திருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும், கட்டிக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கொல்ல இரண்டு, மூன்று மடங்கு டோஸ் தேவைப்படும். ஆக்சிஜனுக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள இந்த உறவை 1950-களில் விளக்கியவர்களில் முதன்மையானவர் எல்.ஹெச். கிரே. நீ தினமும் உச்சரிக்கும் கிரே என்ற அலகு அவர் பெயர்தான். ஆக, வெளுத்த நகத்தைக் கவனிப்பதும் டோஸைக் கவனிப்பதில்தான் சேர்த்தி.

மெஷினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெராக்-25 என்ற கருவி 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்குக் கணக்கு வழக்கில்லாத டோஸைக் கொட்டியது. மென்பொருள் கோளாறு என்று ஒரு வரியில் படித்திருப்பாய். முதல் சம்பவம் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது. மார்பகச் சிகிச்சைக்கு வந்த பெண், சுட்டுவிட்டது என்று அங்கேயே சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார்கள். பிறகு அந்த இடம் வெந்து புண்ணாகி, மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் இன்னொருவர். ஆபரேட்டர் எலக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, உடனே திருத்திச் சரிசெய்தார். அந்த வேகமான திருத்தத்தைக் கருவி முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. டோஸ் குறைவாகத்தான் போயிருக்கிறது என்று காட்டியது. அவர் வழக்கம்போல் தொடரும் பொத்தானை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் மின்சாரம் தாக்கியதுபோல் துடித்து எழ முயன்றபோது இரண்டாவது முறையும் பாய்ந்தது. அன்றைக்கு அறையின் கேமரா இணைக்கப்படவில்லை, இன்டர்காமும் வேலை செய்யவில்லை. 1.8 கிரே போக வேண்டிய இடத்தில் நூறு மடங்கு போயிருந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

பழுதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? தயாரித்த கம்பெனி சோதித்துப் பார்த்துக் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. மூன்றே வாரத்தில் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அப்படியே நடந்தது. அங்கிருந்த பிசிசிஸ்ட் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்த ஆபரேட்டரும் கருவியின் முன் உட்கார்ந்து, அன்று எந்த விசையை எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் தட்டினோம் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, அந்த 54-ஐ மறுபடி வரவழைத்தார்கள். தன் கை என்ன செய்தது என்று ஆபரேட்டரான அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இருந்தது. இப்போதைய லீனியர் ஆக்சிலரேட்டரில் எத்தனையோ தடுப்புகள் வந்துவிட்டன. இருந்தாலும் கேமராவும் இன்டர்காமும் வேலை செய்கிறதா என்று காலையில் பார்க்காமல் முதல் நோயாளியை உள்ளே விடாதே. திரை ஒன்று சொல்லி நோயாளி வேறொன்று சொன்னால், முதலில் மெஷினை நிறுத்து.

உன்மேல் படும் கதிரை அளக்க நெஞ்சில் மாட்டும் டிஎல்டி பேட்ஜைப் பற்றி உன் அம்மா பயப்படுகிறாள். வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி என்று அவளிடம் சொல். ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் பேட்ஜ் அதன் கிட்டேகூடப் போகாது. கிட்டே போகிறவர்கள், பேட்ஜைக் கழற்றி அறைக்குள்ளேயே மறந்து வைத்தவர்கள்தான்.

இதைவிடப் பெரிய பயம் நோயாளிகளின் வீட்டில் இருக்கும். கரண்ட் வைத்தவர் பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாது, தட்டைத் தனியாக வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, மெஷின் நின்றதும் அதுவும் நின்றுபோகும் என்று முதல் நாளே, கூட வந்தவர் காதில் விழும்படி சொல்லிவிடு. முப்பத்தைந்து நாள் தனித்தட்டில் சாப்பிட்ட ஒரு தாத்தா, கடைசி நாளில்தான் இதைத் தெரிந்துகொண்டு மேசையிலேயே உட்கார்ந்து அழுதார். அதை முன்பே சொல்லாமல் விட்டதும் இந்த மாமாதான்.

பழைய பேத்தாலஜி புத்தகத்தைப் பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். எலும்புப் பரவல் பாடத்தில் ஓரம் முழுக்கப் பேனாவால் கிறுக்கியிருக்கும். பரீட்சைக்குப் பயன்படாது, வார்டில் பயன்படும். திங்கட்கிழமை உனக்கு முதல் போஸ்டிங் என்றாயே, வெயிட்டிங் ஹாலில் அரை மணி நேரம் சும்மா உட்கார். யார் தண்ணீர் குடிக்கும்போது முகம் சுளிக்கிறார், யார் சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார், யாருடைய சட்டை உடம்பில் தொளதொளவென்று இருக்கிறது என்று பார்த்து, அன்று ராத்திரியே எழுது. போனில் வேண்டாம், மணி அடித்துவிடும்.

அன்புடன்,
மாமா