கைவிரித்த பிறகும் செய்ய வேண்டியவை

தீராத நோயில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வது பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, செவிலியர் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புற்றுநோய் வார்டில் போஸ்டிங். என் அம்மா வயதுள்ள ஒரு நோயாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பொழைச்சுக்குவேனா சிஸ்டர்?” என்று கேட்டார். நோய் கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது என்று கேஸ் ஷீட்டில் படித்திருந்தேன். “உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
- மாணவி, திருநெல்வேலி

பதில்: அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். “எல்லாம் சரியாயிடும்” என்று சொன்னதும், இந்தப் பெண்ணிடம் இதைப் பேச முடியாது என்று அவர் புரிந்துகொண்டார். பயம் அப்படியே இருக்கிறது. இப்போது அதைத் தனியாகச் சுமக்கிறார்.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, இன்னும் எத்தனை காலம் என்பதைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. மாணவியான நீங்கள் அதைச் சொல்லக் கூடாது. அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. முதலில் உட்காருங்கள். நின்றபடி பதில் சொல்பவர் எப்போது கிளம்புவார் என்றுதான் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். “ஏம்மா அப்படிக் கேக்கறீங்க? இன்னிக்கு ஏதாவது தோணுச்சா?” என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் ஆகக் கடினம். அவரே பேசுவார். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பார், நகையை அடகு வைத்ததைச் சொல்வார். ராத்திரியில் வலி தாங்க முடியவில்லை, யாரையும் எழுப்பத் தயக்கமாக இருக்கிறது என்பார். சாவைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தது பல நேரம் இன்றைய ராத்திரியைப் பற்றிய கேள்வியாகவே இருக்கும். ராத்திரி வலிக்கு நீங்கள் இன்றைக்கே வழி செய்யலாம்.

“டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?” என்றும் கேட்டுப் பாருங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது புரியும். பேசி முடித்ததும் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். நோயாளி தன் நிலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நர்ஸ் குறிப்பில் எழுதுங்கள். கிளம்பும்போது உங்களால் முடிந்ததை மட்டும் வாக்குக் கொடுங்கள். “நாளைக்கு டியூட்டிக்கு வந்ததும் உங்களைப் பாக்க வர்றேம்மா” என்றால் போதும். ஆனால் போக வேண்டும்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிப் படியுங்கள். முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனையின் சமூகப் பணிக்குப் போனார். பிறகு மருத்துவம் படித்து 1957இல் டாக்டரானார். 1967இல் லண்டனில், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். சாகக் கிடப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனக்கவலை, குடும்பக் கவலை, பணக்கவலை, கடவுள் மீதான கோபம் எல்லாம் சேர்ந்ததே அந்த வலி என்று மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கண்டுகொண்டார்.

போஸ்டிங் முடிவதற்குள் அந்த அம்மாவிடம் மறுபடி போங்கள். “அன்னிக்கு நீங்க கேட்டீங்க, நான் சரியா பதில் சொல்லாம போயிட்டேன். இப்ப பேசலாமாம்மா?” என்று கேட்டால் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பழக்கினால் போதைக்கு அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று சித்தப்பா தடுக்கிறார். அப்பா ராத்திரி முழுக்க அனத்துகிறார். கொடுக்கலாமா?
- மகன், தஞ்சாவூர்

பதில்: கொடுங்கள். இன்றைக்கு ராத்திரியே தொடங்குங்கள்.

புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபினால் ஒருவர் போதை அடிமையாவது மிக அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. வலி குறைந்தால் தூங்குவார், நாலு வாய் சாப்பிடுவார், பேரப்பிள்ளைகளோடு பேசுவார். சித்தப்பாவுக்கு அண்ணன் மேல் உள்ள பாசம் புரிகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல், எழுதிக் கொடுத்தபடி மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் வகை என்றால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது; மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே அதற்கும் மருந்து தொடங்க வேண்டும். சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வாய்ப்புண்ணில் நாற்றம் எடுக்கத் தொடங்கினால் நோயாளி அவமானப்பட்டு, யாரையும் பக்கத்தில் விட மாட்டார். பேரப்பிள்ளைகள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதற்கு வழி இருக்கிறது. மெட்ரோனிடசோல் என்ற விலை குறைந்த மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் போடுவது பல இடங்களில் வழக்கம். உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுச் செய்யுங்கள்.

மருந்துக்கான அபினை அரசு உரிமத்தோடு பயிரிடும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் மேல் உரிமம் என்று கேட்டதில் பல ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்குவதை விட்டுவிட்டன. எத்தனையோ பேர் வலியோடே செத்தார்கள். 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் அப்பா கையில் அந்த மாத்திரை கிடைத்திருப்பது பலர் போராடியதால். அதை அலமாரியில் தூங்க விடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. “இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கை. எங்கள் ஊரில் யாரிடம் உதவி கேட்பது?
- மகள், தர்மபுரி மாவட்டம்

பதில்: நோயைக் குணப்படுத்த முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். செய்ய ஒன்றுமில்லை என்பது உண்மையில்லை. அப்படிச் சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது மட்டும்தான் அந்தத் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வலியையும் சிரமத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 104 எண்ணிலும் விசாரிக்கலாம்.

வீட்டில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால், தோள்பட்டை சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். கடைசி நாட்கள் நெருங்கும்போது பசி தானாகக் குறையும். சாப்பிடாததால் அம்மா போகப்போவதில்லை, போகும் நேரம் என்பதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. இதை உறவுக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் பால் ஊற்றினால் புரையேறி மூச்சுத் திணறும். சுத்தமான துணியைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள்; சம்பிரதாயமும் நிறைவேறும், அம்மாவும் சிரமப்பட மாட்டார்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பழகிய பேஷன்ட் இறந்துபோனால் அரை மணி நேரத்தில் அந்த பெட்டுக்குப் புது அட்மிஷன். வீட்டுக்கு வந்துதான் அழுகிறேன். நோய் ஆதரவு சிகிச்சை படிக்க ஆசை. என்னால் தாங்க முடியுமா?
- செவிலியர், சேலம்

பதில்: முடியும். அழுவது தகுதிக் குறைவு இல்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மட்டும் விட்டுவிடாதீர்கள்; டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

படிப்புக்கு வழி இருக்கிறது. இந்திய நோய்த்தணிப்பு மருத்துவச் சங்கம் நர்ஸ்களுக்கும் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. கோழிக்கோட்டிலும், திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பிலும் நர்ஸ்களுக்குப் பயிற்சி உண்டு. முடிந்தால் கேரளத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் ஆரம்பித்த வேலை அங்கே ஊர் ஊராகப் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையானது. பஞ்சாயத்து நர்ஸ்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு கூடப் போகிறார்கள். அந்த நர்ஸ்களோடு ஒரு நாள் வீடுகளுக்குப் போய்வந்தால், தாங்குவேனா என்ற கேள்விக்கு உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தை முன்வைத்து, செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும் நர்சிங் சூப்பிரண்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசி போடுவதை மாணவியைச் செய்து காட்டச் சொல்லி மார்க் போடுகிறோம். “பொழைச்சுக்குவேனா?” என்று கேட்கும் நோயாளியிடம் பேசுவதையும் வகுப்பில் செய்து காட்டச் சொல்லுங்கள், அதற்கும் மார்க் போடுங்கள். வார்டில் ஒருவர் இறந்தால், அடுத்த அட்மிஷனுக்கு முன்னால் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. அடுத்த டியூட்டி பட்டியலிலேயே தொடங்கலாம்.