பாராட்டும் உதவித்தொகையும்

இளையோருக்குப் பாடம் சொல்லித் தருபவர், ஊர்க்குளத்தைத் தூய்மை செய்யத் தோழரைத் திரட்டுபவர் என மாணவத் தலைவர்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்களை ஊரார் பாராட்டுவது நன்று. ஆயினும், வறுமை படிப்பைத் தடுக்கும்போது பொன்னாடை மட்டும் துணை நிற்காது.

பாராட்டுக்கென மத்திய அரசு வழங்குவது பிரதமரின் தேசியச் சிறார் விருது. வீரம், சமூக சேவை, சுற்றுச்சூழல் முதலிய துறைகளில் சிறந்த, 18 வயதுக்கு மேற்படாத சிறாரை எவரும் பரிந்துரைக்கலாம். சிறார் தாமே விண்ணப்பிக்கவும் இயலும்.

படிப்புக்குத் துணையாவது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் 8ஆம் வகுப்புப் பயிலும் மாணவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3,50,000க்கு மேற்படலாகாது. தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 வீதம், நான்கு ஆண்டுகளில் ரூ.48,000 கிடைக்கும்.

இத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. ஆகவே மூன்றைக் கவனித்தல் வேண்டும்:

1. பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருத்தல்.
2. கணக்குடன் ஆதாரை இணைத்தல்.
3. ஆண்டுதோறும் உரிய நாளுக்குள் விண்ணப்பத்தைப் புதுப்பித்தல்.

தகுதியிருந்தும் இவற்றுள் ஒன்று தவறினால் தொகை தடைப்படக்கூடும். தாமே படிவம் நிரப்ப இயலாத பெற்றோர் பலர். அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவரை நீங்கள் அறிவீர்களாயின், அவருடன் ஒருமுறை வங்கிக் கிளைக்குச் சென்று வாருங்கள். நீங்கள் அவருக்குச் செய்யும் சிறந்த பாராட்டு அதுவே.