செக்கடியில் பேசுவதை எழுது

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய லேபிள் வாசகத்தைப் படித்தேன். "பாரம்பரியத்தின் சுவை, நம்பிக்கையின் மணம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அம்மிணி. ஆனால் இதே வரியை மசாலாப் பொடிக்கும் ஒட்டலாம், ஊதுபத்திக்கும் ஒட்டலாம். உன் கடலை எண்ணெய்க்கு மட்டுமே பொருந்துகிற சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

அதோடு சேர்த்து, வாடிக்கையாளர் ஒருவருக்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப் பதிலையும் காட்டியிருந்தாயே, அதை இரண்டு முறை படித்தேன். "அக்கா, அடியில மண்டி நிக்குதுன்னு பயப்படாதீங்க. வெயில்ல வச்சுத் தெளிய விட்ட எண்ணெய், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பாட்டிலக் குலுக்காம மேலாப்புல இறுத்து ஊத்திக்குங்க. பலகாரம் சுடறப்ப நுரை கட்டும், சட்டியப் பெருசா வச்சுக்குங்க." உன் குரல் இதில் இருக்கிறது. சரக்கைத் தெரிந்தவள் பேசுகிற பேச்சு. குறையாகத் தெரியக்கூடியதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. வாங்கியவர் நாளைக்கு அடுப்படியில் என்ன செய்யப் போகிறார் என்பதுகூட அதற்குத் தெரிந்திருக்கிறது. லேபிள் எழுத உட்கார்ந்ததும் இந்தப் பேச்சை ஏன் விட்டுவிட்டாய்? அச்சில் வருவதென்றால் அலங்காரமாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாய். புதிதாகத் தொழில் தொடங்குகிற பலருக்கும் இது நேர்கிறது.

அமுல் விளம்பரங்களை நீ பார்த்திருப்பாய். குஜராத்தில் ஆனந்த் ஊரைச் சுற்றியிருந்த பால் உற்பத்தியாளர்கள் 1946-ல் தொடங்கிய கூட்டுறவு அது. அதன் வெண்ணெய் விளம்பரத்துக்குப் புள்ளிச் சட்டை போட்ட சிறுமி வந்தது 1966-ல். சில்வெஸ்டர் டகுன்யா எழுத, யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்தார். அந்தக் காலத்து விளம்பரப் பலகைகளைப் பெயின்டர்கள் கையால்தான் வரைவார்கள். அடிக்கடி மாற்ற வேண்டிய பலகை என்பதால், சுலபமாக வரையக்கூடிய உருவம், ஒரே பார்வையில் படித்துவிடுகிற வாசகம் என்று முடிவானது. அவர்களுக்கு இருந்த வசதிக்குறைவே அந்தக் குறும்புப் பேச்சுக்கு வடிவம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். உன்னிடமும் பெரிய கேமராவோ நடிகரோ கிடையாது. இருப்பது போனும், செக்கும், வாயில் வருகிற பேச்சும். அதற்குள் நிற்கிற மாதிரி எழுது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விளம்பரத்தை வெளியிடுமுன் தன்னிடம் காட்டி ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்று விளம்பரக்காரர்களுக்கு உரிமை கொடுத்தார் அமுலை நடத்திவந்த வர்கீஸ் குரியன். அதனால்தான் ஊரில் நடப்பதைச் சூடு ஆறுமுன் பலகையில் ஏற்ற முடிந்தது. சில்வெஸ்டருக்குப் பின் அவர் மகன் ராகுல் அந்தப் பொறுப்பை ஏற்றார். இத்தனை வருஷமாக அந்தச் சிறுமி ஒரே மாதிரி பேசுவதற்கு, எழுதுகிற கை அடிக்கடி மாறாததும் அந்தக் கையை நம்பி விட்டதும்தான் காரணம். உன் கடைக்கும் எழுதுகிற கை ஒன்றாகவே இருக்கட்டும். இப்போதைக்கு அது நீதான்.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவரைச் சொல்கிறேன். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழிலில் இறங்கி சிக் ஷாம்பு கொண்டுவந்தார். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களில் ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் கண்ணெதிரே தலைக்குத் தேய்த்து அலசி, சுற்றி நிற்பவர்களை முடியைத் தொட்டுப் பார், முகர்ந்து பார் என்றார்கள். பட்டணத்துக்காரர்கள் பேசுகிற அழகுப் பேச்சு அங்கே செல்லுபடியாகாது என்று தெரிந்து செய்த வேலை. யாரிடம் பேசுகிறோம் என்பது தெளிவானால் எப்படிப் பேசுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இனி நீ செய்ய வேண்டியது. கடைக்கு வருகிறவர்களிடம் நீ பேசுவதை ஒரு வாரம் நோட்டில் குறித்து வை. அவர்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுது. ஏன் இந்த விலை என்று கேட்டால் நீ என்ன சொல்கிறாய்? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு போகிறது என்ற கணக்கைச் சொல்வாய். அதை அப்படியே லேபிளின் பின்பக்கம் போடு. நல்லெண்ணெய் லேபிளில், எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதையும் போடு. ஆட்டிய தேதியைப் பெரிய எழுத்தில் போடு. நாளைக்கு ஆள் வைத்தால், "நாம் இப்படிச் சொல்வோம், இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று அந்த நோட்டைக் காட்டியே பழக்கலாம்.

வட்டாரப் பேச்சைத் தூவினால் அசலாகிவிடும் என்று மட்டும் எண்ணாதே. எல்லா வரியிலும் "ஏனுங்க", "வாங்க்ணா" என்று போட்டால் வேஷமாகிவிடும். உனக்கு வருகிற இடத்தில் வரட்டும். பில்லிலும் தபால் விவரத்திலும் நேரான தமிழே போதும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள். உணவு விளம்பரங்களுக்கென்று 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. இயற்கை, தூய, பாரம்பரிய, அசல் போன்ற சொற்களை எந்த நிபந்தனையில் போடலாம் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். நோயைக் குணமாக்கும் என்று எண்ணெய் லேபிளில் எழுதவே கூடாது. "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பக்கத்துக் கடைக்காரர் போட்டிருப்பதைப் பார்த்து நீயும் ஆசைப்படாதே. எள்ளிலும் கடலையிலும் கொலஸ்ட்ரால் எப்போதுமே இல்லை. இல்லாததை எடுத்துவிட்ட மாதிரி பெருமை பேசுவது உன் வாயில் ஒட்டாது.

கடைசியாகப் புகார்கள். விற்கும்போது அக்கா, அண்ணா என்று குழைந்து பேசிவிட்டு, பாட்டில் ஒழுகி வந்தது என்று சொன்னதும் வக்கீல் நோட்டீஸ் நடையில் பதில் எழுதுகிற கடைகள் எத்தனையோ. வாங்கியவருக்கு இரண்டாவது பேச்சுதான் மனதில் நிற்கும். அதனால் விளம்பரத்துக்கு முன் புகாருக்கான பதில்களை எழுதி வை. பாட்டில் ஒழுகினால், எண்ணெய் சிக்கு வாடை அடித்தால், பார்சல் தாமதமானால் என்று மூன்றையும் எழுதி அனுப்பு. முதல் வரியில் மன்னிப்பு, இரண்டாவது வரியில் புது பாட்டில் எப்போது வரும் என்பது. மூன்றாவது வரி தேவைப்பட்டால் மட்டும்.

அன்புடன்,
மாமா