எத்தனை மாடி என்று மண்ணையும் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

மண் பரிசோதனை வேலையில் சேர்ந்துவிட்டாய். இனி வெயிலும் சேறும்தான். கட்டடத்தை வடிவமைப்பவருக்குக் கிடைக்கிற பெயர் உனக்குக் கிடைக்காது. ஆனால், நிலநடுக்கத்தில் ஒரு தெரு நிற்பதும் அடுத்த தெரு விழுவதும் பல நேரம் நீ போர் போட்டுப் பார்க்கும் அந்த மண்ணைப் பொறுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மெக்சிகோ நகரைப் படி. 1985 செப்டம்பர் 19 காலை அதிர்ந்த இடம் பசிபிக் கரையோரம். நகரிலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால். அவ்வளவு தூரம் வந்த அலை ஓய்ந்திருக்க வேண்டும். எரிமலைப் பாறைமேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் ஓய்ந்துதான் இருந்தது. நகரின் நடுப்பகுதியோ, ஸ்பானியர் காலத்திலிருந்து வடித்து வற்றவைக்கப்பட்ட டெஸ்கோகோ ஏரியின் படுகை. அங்குள்ள களிமண்ணில், மண்ணின் உலர் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் நிற்கும். அந்தக் களிமண்மேல் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி, பாறைமேல் பதிவானதைப் போல நான்கைந்து மடங்கு முடுக்கத்தைக் காட்டியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. களிமண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி, நிலநடுக்கத்தின் குறுக்கலை அதில் ஓடும் வேகத்தால் வகு. ஆழம் 40 மீட்டர், வேகம் விநாடிக்கு 80 மீட்டர் என்றால் 2 விநாடி. அந்த மண் ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம் அது. அந்தக் கருவி நின்ற இடத்திலும் ஏறக்குறைய அதே 2 விநாடிதான். கட்டடத்துக்கும் இப்படி ஓர் அலைவு நேரம் இருக்கிறது, தோராயமாக மாடிக்கு 0.1 விநாடி. பத்து மாடிக்கு ஒரு விநாடி வரும். விரிசல் விடவிடக் கட்டடம் தளர்ந்து அந்த நேரம் நீளும். மண்ணின் 2 விநாடியை நெருங்கும். நெருங்கியபின் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதன்மேல் ஏறிக்கொள்ளும். அன்று மிகுதியாக அடிபட்டவை ஏறத்தாழ ஆறு முதல் பதினைந்து மாடி வரையானவை. அதே ஏரிப் படுகையில் தாழ்ந்த வீடுகள் பல தப்பின. 44 மாடி லத்தீனோ அமெரிக்கானா கோபுரமும் நின்றது.

ஆகவே, "மண் மென்மை, கட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. இந்த மண்ணுக்கு எந்த உயரம் ஆகாது என்று சொல்.

நடுக்கத்தில் நீர் நிறைந்த மணல் சேறு போலக் குழம்பும் இடம் வேறு கதை. அங்கே உயரத்தைக் குறைத்துப் பயனில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நடுக்கத்துக்குப் பிறகு, பெரும்பாலும் ஏவன் ஆற்றோரம் இருந்த சுமார் 8,000 மனைகளைக் குடியிருப்புக்கு ஆகாதவை என்று ஒதுக்கி, பெரும்பாலானவற்றை அரசே விலைக்கு வாங்கியது. மண் குழம்பக்கூடிய இடங்களைக் காட்டும் வரைபடம் நடுக்கத்துக்கு முன்பே அங்கே இருந்தது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இந்தியாவின் நிலநடுக்கக் கட்டட விதியான ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது. மெக்சிகோ அளவு ஆபத்து இங்கே இல்லை. வீணாக யாரையும் பயமுறுத்தாதே. ஆனால் இங்கே எத்தனை மாடி என்பதைச் சாலையின் அகலம் பார்த்து முடிவு செய்கிறோம். அதை முடிவு செய்யும் மேசையில் மண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும். போர் போடப் போகுமுன் பழைய வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார். ஏரி, ஓடைப் புறம்போக்கு, சதுப்பு என்று எழுதியிருந்தால், மேலே எவ்வளவு கிராவல் கொட்டியிருந்தாலும் அடியில் இருப்பது அதுதான்.

களத்தில் 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும், முதல் 15 செ.மீ. இறக்கத்தை விட்டுவிட்டு கம்பி அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவாய். நல்ல சேற்றுக் களிமண்ணில் சுத்தியலைத் தூக்கும் முன்பே கம்பி தன் எடையில் இறங்கிவிடும். அங்கே பூஜ்யம் என்றே எழுது. யாரும் கேட்டார்கள் என்பதற்காக அதை நாலு, அஞ்சு ஆக்காதே. 2016-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 விதிப்படி, உயரமான அதே கட்டடத்துக்குக் கடினத் தரையில் 1 பங்கு நிலநடுக்க விசை என்றால் மென்தரையில் 1.67 பங்கு. நீ எழுதும் எண்தான் அது எந்தத் தரை என்று சொல்லும். பத்து மீட்டரில் நிறுத்தச் சொன்னாலும் களிமண் முடியும்வரை இறங்கு. ஆழம் தெரியாமல் அந்த நாலால் பெருக்கும் கணக்கைப் போட முடியாது.

அடுத்த அறிக்கையில், எஸ்.பி.சி. (மண் பாதுகாப்பாகத் தாங்கும் சுமை) எழுதும் பக்கத்திலேயே அந்த இடத்தின் அலைவு நேரத்தையும் ஒரு வரி சேர்த்துவிடு. கட்டுபவர் கேட்காவிட்டாலும் சேர்.

அன்புடன்,
உன் அண்ணன்