பூமிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு

சித்திரை மாசத்து மத்தியானத்தில் போடிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் இறங்கிக் குளித்திருக்கிறீர்களா? தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே கிணறு மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகத் தெரியும். உண்மையில் கிணறு மாறவில்லை, மேலே இருக்கும் காற்றுதான் மாறுகிறது. சுமார் பத்து மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டித்தான் அது இருக்கும்.

நிலத்தடி ஹீட் பம்ப் செய்வது இதைப் பயன்படுத்திக்கொள்வதுதான். போர் போட்டு, அதில் 'யு' வடிவ பிளாஸ்டிக் குழாயை இறக்கி, தண்ணீரைச் சுற்ற விடுகிறோம். சாதாரண ஏசி 40 டிகிரி காற்றில் வெப்பத்தைக் கொட்டத் திணறும். இதுவோ அதைவிடக் குளிர்ந்த பாறையில் கொட்டுகிறது. கரண்ட் மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டிய வெப்பம் அப்புறம் எங்கே போகிறது?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு சின்ன ஹாஸ்டல் பிளாக் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 40,000 யூனிட் அளவு வெப்பத்தை உள்ளிருந்து வெளியேற்ற வேண்டும். மெஷினின் சிஓபி 4 என்றால் 10,000 யூனிட் கரண்ட் செலவாகும். அந்தக் கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆக, நிலத்துக்குள் போவது 50,000 யூனிட். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் என்பதால் இது 1,80,000 மெகாஜூல்.

இதற்கு 100 மீட்டர் ஆழத்தில் 10 போர், ஆறு மீட்டர் இடைவெளியில். ஒரு போரின் பங்கு 36 சதுர மீட்டர். மொத்தப் பாறை 36,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பாறையை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 2.2 மெகாஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: வருஷத்துக்கு சுமார் 2.3 டிகிரி ஏற்றம்!

ஓரங்கள் வழியாகக் கொஞ்சம் கசியும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு ஏறாது. ஆனால் கசிவை நம்பி உட்கார முடியாது. பாறையில் வெப்பம் ஆறு மீட்டர் பரவ ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 30 மீட்டர் என்றால் 25 வருஷத்துக்கும் மேல். போர்கள் அதிகமாக அதிகமாக, நடுவில் இருப்பவை மாட்டிக்கொள்ளும். நிலம் சூடானால் சிஓபி குறையும், சிஓபி குறைந்தால் இன்னும் அதிக வெப்பம் கீழே போகும். முதல் இரண்டு வருஷம் "சூப்பர் சிஸ்டம்" என்று பேர் வாங்கியது, பத்தாவது வருஷம் சாதாரண ஏசிக்கே தோற்கும். போட்ட போரைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

லண்டன் சொன்ன பாடம்

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. லண்டன் சுரங்க ரயில் பாதைகள் வெட்டிய புதிதில் சுற்றியிருந்த களிமண் சுமார் 14 டிகிரி. நூறு வருஷமாக ரயில்களின் பிரேக்கும் மோட்டாரும் கொட்டிய வெப்பத்தில் இப்போது பல இடங்களில் 19 முதல் 26 டிகிரி. அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஸ்டாக்டன் கல்லூரி 1990களில் 425 அடி ஆழத்தில் 400 போர் போட்டது. அங்கேயும் குளிரூட்டல் தேவை அதிகம் என்பதால் நிலம் சூடேறியது. லண்டன்காரர்கள் 2020ல் ஒரு வேலை செய்தார்கள். மூடிக்கிடந்த சிட்டி ரோடு ஸ்டேஷனிலிருந்து அந்த வெப்பத்தை ஹீட் பம்ப் மூலம் எடுத்து, இஸ்லிங்டன் பகுதி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். டெபாசிட் செய்ததை வித்டிரா செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பொட்டிபுரத்துப் பாறை

நம்ம பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த வாதம் தனி. அந்த மலையைத் தேர்ந்தெடுத்த காரணத்தை மட்டும் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு மேல் கெட்டியான சார்னோகைட் பாறை. விரிசல் குறைந்த கெட்டிப் பாறையில் நிலத்தடி நீரோட்டமும் குறைவு. ஓடும் தண்ணீர் இருந்தால் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். இங்கே அதை எதிர்பார்க்க முடியாது. போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும்.

அப்போ யார் வித்டிரா செய்வது?

குளிர்காலமே இல்லாத ஊரில் வெப்பம் யாருக்கு வேண்டும்? ஏலக்காய்க்கு வேண்டும்! கோடையில் நாம் ஏசி போடுகிறோம். ஆடி, ஆவணி தொடங்கி தை வரை ஏலக்காய் ஸ்டோர்களில் விறகு எரித்து சுமார் 50 டிகிரியில் காய வைக்கிறார்கள். பச்சைக்காயில் 80 சதவீதம் ஈரம், காய்ந்த பின் 10 சதவீதம். 100 கிலோ பச்சைக்காயிலிருந்து சுமார் 78 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். அதற்கு ஏறத்தாழ 187 மெகாஜூல், உலர்த்தியில் பாதி வீணாகும் என்றால் 375.

சிஓபி 3 உள்ள ஹீட் பம்ப் கொடுக்கும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்திலிருந்து வரும். நம்ம 1,80,000 மெகாஜூலைத் திரும்ப எடுக்க, 2,70,000 மெகாஜூல் உலர்த்தலுக்குப் போக வேண்டும். அதாவது 72 டன் பச்சைக்காய். ஆறு மாசத்தில் தினம் 400 கிலோ. ஒரு ஸ்டோருக்கு இது நடக்கக்கூடிய அளவுதான்.

சிக்கலும் உண்டு. ஏசி தேவை அடிவாரத்தில், ஸ்டோர்கள் பெரும்பாலும் மலை மேல். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிச் சுடுதண்ணீரை அனுப்ப முடியாது. வரவும் செலவும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கணக்கு நேராகும். இல்லையென்றால் வேறு வழிகள்: வெப்பம் நிலத்துக்குப் போகும் முன்பே ஹாஸ்டல் குளியலுக்குச் சுடுதண்ணீராக எடுப்பது, மீதியை இரவில் கூலிங் டவர் வழியாக வெளியேற்றுவது, போர்களைத் தள்ளித் தள்ளிப் போடுவது. தள்ளிப் போடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடும், தீர்க்காது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

பைனல் இயர் பிராஜெக்டுக்கு இதை எடுப்பவர்கள் சிஓபியை மட்டும் பெரிதாகப் போட்டு ரிப்போர்ட்டை முடித்துவிடாதீர்கள். பன்னிரண்டு மாசத்துக்கும் இரண்டு பத்தி எழுதுங்கள்: நிலத்துக்குள் போனது, நிலத்திலிருந்து வந்தது. அடியில் இரண்டையும் கூட்டுங்கள். சிஸ்டம் ஓடத் தொடங்கியதும் வருஷா வருஷம் அதே தேதியில் நிலத்திலிருந்து திரும்பும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், சுகத்தை இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டு பில்லை பத்து வருஷம் கழித்து வரப்போகும் ஜூனியர்கள் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.