மானத்தின் மூன்று முகங்கள்



ஆலையில் யாம் தறி ஓட்டிய காலத்தில் கூலி கெஜக் கணக்கு. சம்பள நாளில் பணத்தை எண்ணியதும் மனம் நிறையும். உடனே அடுத்த தறிக்காரர் கையின்மீது கண் செல்லும். அவருக்கு இரண்டு ரூபாய் மிகுதியாயின் நிறைவு மறையும். குறைவாயின் நெஞ்சு நிமிரும். எமது பணமோ கூடவுமில்லை, குறையவுமில்லை. பின் மாறியது யாது?

மாறியது மனம். பிறரோடு தன்னை அளக்கும் இம்மாசினைப் பாலி நூல்கள் 'மானம்' என்னும். தமிழ் வழக்கில் மானம் என்பது தன்மதிப்பு. அதனை விடுமாறு பகவர் கூறவில்லை. அவர் விடச் சொன்ன மானம் மூவகைத்து: நான் உயர்ந்தவன், நான் சமமானவன், நான் தாழ்ந்தவன். மூன்றாவதைப் பணிவென்று மயங்குவோர் பலர். அதுவும் மானமே; அளவுகோல் ஒன்றன்றோ!

இராசகிருகத்து வேணுவனத்தில், கிருகபதி மகனாகிய சோணனுக்குப் பகவர் இதன் காரணத்தை விளக்கினார். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களும் நிலையற்றவை. நிலையற்றதைக் கொண்டு உயர்வும் சமமும் தாழ்வும் பேசுவோர் உள்ளதை உள்ளவாறு காணாதவர்.

'சமமென்பதும் மானமாயின், சமத்துவம் கேட்பது பிழையோ?' எனலாம். பிழையன்று. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது மக்கள் யாவர்க்கும் உரிய நீதி. அதனைப் பெற எவரையும் அளக்க வேண்டுவதில்லை. அளவுகோலால் வாழ்வது சாதியே. அதனைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். மேலுள்ளவனை வெறுப்பவனும் தனக்குக் கீழே ஒருவன் உண்டென்று ஆறுதல் கொள்கிறான்.

1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அவர் திரிசரணம் பெற்றார். அவ்வழி வந்த நாம், 'இவர் நேற்று வந்தவர், நாம் முன்னரே வந்தவர்' என்று எண்ணினால், பழைய படிக்கட்டையே விகாரைக்குள் கட்டியவராவோம். நன்கு கற்ற இளைஞர் ஒருவர் தம்மம் உரைத்தபோது யாமே முகஞ்சுளித்ததுண்டு. அன்று எம்முள் பேசியது தம்மமன்று, மானம்.

பத்துத் தளைகளில் மானம் எட்டாவது. அருகத நிலையிலேயே முற்றும் அறுவது. ஆகவே அது எழக் கண்டு சோர்தல் வேண்டா. எழும்போதே 'இது மானம்' என்று அறிந்து விடுவோம். இரவில் படுக்குமுன், 'பஞ்சசீலத்தில் நேற்று எதில் தவறினோம்? இன்று எதனைக் காத்தோம்?' என்று மட்டும் நம்மை நாமே கேட்போம். அக்கணக்கில் அடுத்தவர்க்கு இடமில்லை.