குளத்தங்கரைத் தும்பை

பூ வரையச் சொன்னால் நம்மில் பலர் எதை வரைவோம்? ரோஜா, இல்லாவிட்டால் தாமரை. அதுவும் காலண்டரில் பார்த்த ரோஜா, காலண்டரில் பார்த்த தாமரை! நடந்து வரும் வழியில் காலைக் குத்தும் நெருஞ்சிக்கு அழகான மஞ்சள் பூ உண்டு என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? ஓவியக் கழகத்தில் சேரும் வரை நாங்களும் கவனித்ததில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ஓவிய ஆசிரியையான சிஸ்டர் எங்கள் பன்னிரண்டு பேரையும் ஊருக்கு மேற்கேயுள்ள குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். மழை ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கரைச் சரிவு முழுவதும் தும்பை. அதற்கு மேலே ஆவாரை. புல்லோடு புல்லாக நீல நிற விஷ்ணுகிராந்தி. வேலி முள்ளைப் பற்றி ஏறிய செங்காந்தள். நாங்கள் செய்தது என்ன தெரியுமா? கை நிறையப் பறித்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினோம். தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை வைத்து, வரைய உட்கார்ந்தோம். விஷ்ணுகிராந்தி வழியிலேயே சுருண்டுவிட்டது. தும்பைப் பூ மேசை மேல் உதிர்ந்து கிடந்தது. காந்தள் மட்டும் பிழைத்தது. வாடிப்போனவற்றை வாடாதவை போல நினைவிலிருந்து வரைந்தோம். வந்தது மறுபடியும் காலண்டர்ப் பூதான்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே கரைக்குப் போகலாம், ஆனால் ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள்.

"பறித்து வரைவது தவறா, சிஸ்டர்?" என்று கேட்டோம். தவறில்லை, அது வேறு வேலை என்றார்கள். 1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் பெரிய தாவர நூலில் மட்டும் 2,101 படங்கள் உள்ளன. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் சூட்டினார். அந்தப் படங்களில் செடி வெறும் வெள்ளைத் தாளில் தனியே நிற்கும். பக்கத்தில் இதழும் மகரந்தமும் விதையும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். செடியின் பெயரை அறிய அது போதும். அந்தச் செடி எங்கே, எதன் நிழலில், எதற்குப் பக்கத்தில் வாழ்ந்தது என்பதைச் சொல்வது அந்தப் படத்தின் வேலையல்ல. எங்கள் வேலை அதுதான்.

கரையில் நாங்கள் முதலில் கற்றது, தரையில் உட்கார வேண்டும் என்பது. நின்றபடி பார்த்தால் தும்பை ஒரு பச்சைப் புள்ளி. உட்கார்ந்து, கண்ணைச் செடியின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதுவே ஒரு மரம்! தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூக்கொத்துகள், ஒவ்வொரு பூவிலும் நாக்குப் போல் நீண்ட கீழ் இதழ், அவற்றின் இடைவெளியில் குளத்து நீர். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1503இல் ஒரு பிடி புல்தரையை இப்படித்தான் தாழ இருந்து பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் வியன்னாவில் ஆல்பர்ட்டினா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதில் இருப்பவை புல்லும் களையும்தான். ஆனால் ஒவ்வொன்றையும் இனம் கண்டு பெயர் சொல்லிவிடலாம்.

அடுத்து வந்தது பச்சைத் தொல்லை. வண்ணப் பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடிதான் கிடைக்கும். மஞ்சளோடு நீலத்தைக் கலந்து, தூரிகை நுனியில் துளி செங்காவி சேர்த்தால் கரைப் புல்லின் பச்சை வருகிறது. ஆவாரைக்கு எதிர்ப்பக்கம் கவனம் வேண்டும். நீர்வண்ணம் ஒளி ஊடுருவுவது. பச்சையின் மேல் மஞ்சளைப் பூசினால் மஞ்சள் செத்துவிடும். ஆகவே மஞ்சளை முதலில் இட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே சுற்றிலும் பச்சை. தூரிகையைக் கழுவ ஒரு தம்ளர், வண்ணம் கரைக்க இன்னொரு தம்ளர். ஒரே தம்ளரோடு போனவர்களின் ஆவாரை எல்லாம் சேற்று நிறத்தில் பூத்தது!

தும்பைதான் எங்களை அழ வைத்தது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படித் தீட்டுவது? சிலர் போஸ்டர் கலர் வெள்ளையை அப்பினார்கள். அது சுண்ணாம்புத் துளியாகத் தெரிந்தது. பூவைத் தீட்டாதீர்கள், பூவுக்குப் பின்னால் இருப்பதைத் தீட்டுங்கள் என்றார்கள் சிஸ்டர். முதலில் புரியவில்லை. பிறகு இலையின் கரும்பச்சையையும் ஈர மண்ணின் செம்பழுப்பையும் பூவின் ஓரம் வரை கொண்டுவந்து நிறுத்தினோம். பூ இருக்க வேண்டிய இடத்தில் தாள் மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால், அதுதான் தும்பை! நிழல் விழும் பக்கத்தில் மிக மெல்லிய நீலம், அவ்வளவே. தூரத்துச் சின்னப் பூக்களுக்கு ஓரம் நிறுத்துவது கடினம். அதற்குச் சிற்றாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு உதவியது. கூர்மையாகச் சீவி, தாளில் புள்ளி வைத்து, மேலே பச்சையைப் பூசினால் மெழுகு உள்ள இடத்தில் வண்ணம் ஒட்டாது. பூச்சுற்றுப்புறத்தை வரையாமல் பூவை வரையவே முடியாது என்பதை எங்களுக்குக் கற்பித்தது இந்த வெள்ளைப் பூதான்.

தொலைவிலுள்ள பூவுக்கு இதழ் எண்ணக் கூடாது. மோனே 1873இல் தீட்டிய பாப்பி வயல் படத்தின் அச்சுப் பிரதி எங்கள் வகுப்பில் உண்டு. அருகிலுள்ள பூக்கள் பெரிய சிவப்புத் திட்டுகள். மேட்டில் போகப் போக அவை சிறு புள்ளிகள். ஒரு பூவுக்கும் இதழ் கிடையாது. ஆனாலும் வயல் முழுவதும் பூவாகவே தெரிகிறது.

நேரமும் முக்கியம். விஷ்ணுகிராந்தி காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். முதலில் அதை முடித்துவிட வேண்டும். எங்களில் ஒருத்தி பாதி வரைந்திருந்தபோது, ஓர் ஆடு வந்து அந்தக் கொடியையே மேய்ந்துவிட்டுப் போனது. அவள் படம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

இந்த ஆண்டு மழைக்குப் பிறகு மறுபடியும் போனோம். கரையின் தென்பகுதியை அகலப்படுத்தி, சரளை மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். வண்டி போக வசதிதான். ஊருக்கு அது தேவை. ஆனால் தும்பையைக் காணோம். எந்த இடத்தில் உட்கார்ந்து வரைந்தோம் என்பதே முதலில் தெரியவில்லை. சென்ற ஆண்டுப் படங்களை விரித்துப் பார்த்தோம். பூவை மட்டும் பெரிதாக வரைந்தவர்களின் படம் உதவவில்லை. ஒருத்தி தும்பைக்குப் பின்னால் மடையையும், கிழக்கே சாய்ந்த ஒற்றைப் பனையையும் சிறியதாக வரைந்திருந்தாள். படத்தைக் கையில் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்து, பனையும் மடையும் படத்தில் இருப்பதுபோலவே தெரியும் இடத்தில் நின்றோம். காலடியில் சரளை. அந்த இடத்தை வைத்து இன்னொரு படம் தீட்டினோம். தும்பை இல்லாத அதே பனை, அதே மடை. இரண்டு படங்களும் இப்போது ஓவிய அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வடகரை இன்னும் அப்படியே இருக்கிறது. தை மாத முதல் சனிக்கிழமை அங்கே போகிறோம். வர விரும்பும் சகோதரிகள் இரண்டு தம்ளர், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, உட்காரப் பழைய சாக்கு ஆகியவற்றுடன் காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். ஆட்டை விரட்டவும் ஆள் தேவை.